சூரியன் மறைந்தால் மணி பன்னிரண்டு

1974-ல் தோஹாவில் எங்கள் கேம்ப்பில் மணி தெரிய வேண்டுமென்றால் கார்மேகத்தைத்தான் கேட்க வேண்டும். தோஹாவையும் ஆளும் துருக்கி சுல்தானின் ராஜ்யத்தில் வெள்ளைக்காரன் வித்தை எதுவும் கூடாது என்று இருநூறு வருஷத்துக்கு முன்னால் இஸ்தான்புல்லில் யாரோ ஒரு புண்ணியவான் ஆணை போட்டுவிட்டார். அதனால் இங்கே நீராவி இல்லை, தந்தி இல்லை, அச்சடித்த காகிதம்கூட இல்லை. தொழுகை வேளைக்காகக் கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். இயந்திரம் செய்ய வேண்டியதையெல்லாம் ஆள் செய்ய வேண்டும். அந்த ஆள் நாங்கள். எங்கள் ஊரில் பஸ் ஓடியது, டீக்கடைக்கு டீக்கடை ரேடியோ பாடியது. அதை விட்டுவிட்டு இங்கே வந்து கிணற்றில் தண்ணீர் இறைத்தோம். கேட்டால் பிழைப்பு என்போம்.

கார்மேகம் ராமநாதபுரத்துக்காரர். பதினாறு வருஷம் இறைத்து இறைத்து வலது தோள் இறங்கிப்போன மனிதர். கூடவே கடிகார வேலை. இந்த நாட்டில் சூரியன் மறைந்தால் மணி பன்னிரண்டு. அப்போதே மறுநாள் பிறந்துவிடும். வியாழக்கிழமை விளக்கு வைத்ததுமே வெள்ளிக்கிழமை. சூரியன் தினமும் ஒரே நேரத்தில் மறைவதில்லையே, ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் ஏணியில் ஏறிக் கிணற்றடிக் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைப்பார். புதிதாக வருகிறவர்களிடம், "இங்க ராத்திரி முந்தி, பகல் பிந்தி. மறந்தா கஞ்சி கிடைக்காது" என்பார்.

ஆறு வருஷமாக லீவுக்கு மனு போட்டார். அது எழுத்தர் கையிலிருந்து எழுத்தர் கைக்குப் பிரதியாகிப் போவதில் மூன்று முறை தொலைந்தது. அந்த வருஷக் கோடையில் அவர் மனைவி ராக்கம்மாவின் கடிதம் வந்தது. கேம்ப் குமாஸ்தாவான நான்தான் படித்துச் சொன்னேன். தை பிறப்பதற்குள் வரவில்லையென்றால் இனி வரவே வேண்டாம், வீட்டைப் பூட்டிக்கொண்டு அண்ணனோடு போய்விடுகிறேன், காத்தது போதும் என்று எழுதியிருந்தாள். கப்பல் ஏறினால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து ஏறுங்கள் என்றும் இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவள் சொல்வதில் தப்பில்லை என்று அவரே சொன்னார்.

கார்த்திகையில் அனுமதிச் சீட்டு வந்தேவிட்டது. கப்பல் கிளம்புவது வெள்ளிக்கிழமை, மணி இரண்டு என்று வாசித்தேன். அவள் சொன்ன அதே வெள்ளி என்று அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த நிமிஷத்திலிருந்து மனிதர் ஊருக்குப் போய்விட்டார். கிழமைகளை எண்ணியதும் ஊர்க் கணக்கில்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடிகாரத்தைத் திருப்பிவிட்டு இறங்கினார். ரூமில் சேமியா பாயசம் வைத்திருந்தோம். இரண்டு மணி அடித்தபோது அவர் இரண்டாவது தம்ளர் குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது பேர் இருந்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் சூரியன் மறைந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் நானும் துறைமுகத்துக்கு நடந்தோம். பாய்மரம் ஒன்றுகூட இல்லை. காவல்காரர் லுக்மான் சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"இது நேத்து விளக்கு வச்சப்புறம் போன கப்பல். இப்ப சனிக்கிழமை, பாய்."

மணியை அவர்கள் கணக்கிலும் கிழமையை எங்கள் கணக்கிலும் பார்த்திருக்கிறோம். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழனிப்பானையில் விழுந்ததாம். சீட்டை வாசித்த எனக்கும் அந்தப் பானையில் இடமுண்டு. என்மேல் வந்த ஆத்திரத்தை லுக்மான்மேல் காட்டினேன். அவர் பாவம், சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கப்பல் பங்குனியில்தான். தந்தி இருந்தால் ஒரு வரி அடித்திருக்கலாம். இங்கே கடிதமும் அதே கப்பலில்தான் போக வேண்டும்.

கார்மேகம் கடலைப் பார்த்துக்கொண்டே, "மார்கழி கடைசி வரைக்கும் வழி பாப்பா சார். பெறகு பூட்டிருவா. அவ சொன்னா செய்யிறவ" என்றார்.

திரும்பி வந்தபோது கிணற்றடியில் கூச்சல். அன்று யாரும் திருப்பி வைக்காததால் கடிகாரம் முதல்நாள் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வித்தியாசம் ஒரு நிமிஷம்கூட இராது, அதற்கே கஞ்சி வேளை எது என்று சண்டை. அவர் பெட்டியை ஏணியடியில் வைத்துவிட்டு ஏறினார். சரியாக வைத்துவிட்டு இறங்கினார்.

ராக்கம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

"பங்குனியில போற கடுதாசிக்கு இப்ப என்ன சார் அவசரம்" என்றார்.