கந்தக லோக ராணிக்கு ரத்தினம்மா போட்ட நிபந்தனை

'கந்தக லோக ராணி' என்ற படம் மதராஸில் எட்டு நாள் ஓடியது. வேலூரில் நாலு நாள். திருப்பத்தூரில் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டி ரயிலில் ஏற்றிவிட்டார்கள். கோலார் தங்க வயலில் மட்டும் அது நாலாவது வாரமும் அரங்கு நிறைந்து ஓடியது. அது ஒரு விபத்தால் நின்றது. நின்ற பிறகும் திரும்பத் திரும்ப வந்தது. அப்படி வர வைத்தவள் பாலகாட் சுரங்கத்துப் பக்கம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்த ரத்தினம்மா.

படத்தின் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஒரு விஞ்ஞானி திருகாணி மாதிரி ஒரு யந்திரம் செய்து, பூமியைக் குடைந்துகொண்டு நட்ட நடு வயிற்றுக்குப் போகிறான். அங்கே பல்லி மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஆள்கிற ராணியின் சிம்மாசனத்திலிருந்து எந்நேரமும் சாம்பிராணிப் புகை வருகிறது. பல்லிச் சிப்பாய் ஒருவன் கையில் கடிகாரம் கட்டியிருக்கிறான். இன்னொருவனுக்கு வாலை ஊக்கு போட்டு மாட்டியிருப்பது மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்தாலே தெரியும்.

மற்ற ஊர்க்காரர்கள் இதைப் பார்த்து எரிச்சலோடு எழுந்து போனார்கள். தங்க வயல்காரர்கள் அதற்காகவே மறுபடி டிக்கெட் வாங்கினார்கள். ஒன்பதாயிரம் அடி ஆழத்தில், வெந்நீர்ப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்து, வேர்வையில் நனைந்து மேலே வருகிறவர்கள் அவர்கள். பூமியின் நடுவில் போய் நிற்கிற கதாநாயகனுக்குக் கால்சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை என்றால் விடுவார்களா? "அந்த ஊர்ல எந்தப் புண்ணியவான்டா கரண்டு குடுத்தான்?" என்று பாதாளத்தில் எரிகிற விளக்குகளைப் பார்த்து ஒருவன் கத்துவான். யந்திரம் நிற்கிற இடத்துக்குக் கதாநாயகன் கேஜில், அதாவது ஆள் இறக்குகிற இரும்புக் கூண்டில், இறங்கும்போது மணி ஒரே ஒரு தடவை அடிக்கும். ஆள் ஏறியிருந்தால் முதலில் மூன்று மணி அடிக்க வேண்டும் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் அந்த இடம் வந்ததும் அரங்கமே எழுந்து, "மூணு அடிடா, மூணு!" என்று கூச்சல் போடும். அந்தக் கூச்சலைப் போடுவதற்காகவே போனவர்கள் உண்டு.

ரத்தினம்மா குடியாத்தம் பக்கத்துப் பெண். ஐம்பத்தாறில் காத்தவராயனைக் கட்டிக்கொண்டு லைன் வீட்டுக்கு வந்தாள். காத்தவராயனுக்குச் சுரங்கத்தில், பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. பிடித்தால் பிடித்ததுதான் என்கிற ரகம் அவள். ஒரு தடவை லைனில் குழாய்த் தண்ணீர் விடுகிற நேரத்தை யாரோ அதிகாரி மாற்றிவிட்டார். ரத்தினம்மா காலிக் குடத்தோடு போய் அவருடைய சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நேரத்தைப் பழையபடி மாற்றிய பிறகுதான் எழுந்தாள். அந்த அதிகாரி அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு நடந்தேதான் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வீட்டில் சரஸ்வதி இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறும் மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். சரஸ்வதி பயந்த சுபாவம், வாய்விட்டுச் சிரிக்கக்கூட யோசிப்பாள். அவள் புருஷன் சம்பங்கியும் காத்தவராயனும் ஒரே ஷிப்டு. இந்த இரண்டு பெண்களுக்கும் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குப் பொழுது போகாது.

அறுபத்திரண்டில் ஒரு வியாழக்கிழமை. ஆண்கள் இரண்டு பேரும் மூன்று மணி ஷிப்டுக்கு இறங்கிவிட்டார்கள். ரத்தினம்மா தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "சரசு, கெளம்பு, பல்லிப் படம் பாக்கப் போலாம்" என்றாள்.

"துவைக்கிற துணி மலையாட்டம் கீது. நீ போய்ட்டு வா."

"துணி எங்க ஓடிடப் போவுது? ஊரே பாத்துடுச்சி, நம்ம ரெண்டு பேருதான் பாக்கல." தட்டியைச் சுற்றி வந்து, சரஸ்வதியின் கையிலிருந்த ஈரத் துணியைப் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டு, அவளை இழுக்காத குறையாக அழைத்துப் போனாள்.

படம் முடிய ஒரு ரீல் இருக்கும்போது ராணிக்குக் கோபம் வருகிறது. இரண்டு கையையும் தூக்குகிறாள். பூமி ஆடுகிறது. அதாவது, யாரோ கேமராவைப் பிடித்து ஆட்டுகிறார்கள். பல்லிகள் நாலு பக்கமும் ஓடுகின்றன. சரியாக அந்த நேரத்தில் அரங்கமும் ஆடியது. பெஞ்சு ஆடியது, தகரக் கூரை தடதடத்தது, மேலேயிருந்து தூசி கொட்டியது.

தங்க வயலில் தரை ஆடினால் அது ராக் பர்ஸ்ட். அழுத்தம் தாங்காமல் ஆழத்தில் பாறை வெடிக்கும், மேலே அலமாரியில் பாத்திரம் உருளும். உருண்டால் பெண்கள் அடுப்பைக்கூட அணைக்காமல் சுரங்கக் குழியான ஷாப்டின் வாசலுக்கு ஓடுவார்கள். அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அன்றைக்கு அரங்கத்தில் இருந்த முந்நூறு பேரில் ஒருத்தரும் ஓடவில்லை. படத்தின் சத்தம் என்று நினைத்தார்கள். இப்படி ஒரு சத்தத்தை எந்தப் படத்திலும் கேட்டதில்லை என்று விசில் அடித்தார்கள். ரத்தினம்மா பெஞ்சின் மேலே ஏறி நின்று கை தட்டினாள். சரஸ்வதியையும் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். அவளும் தட்டினாள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே.

அப்புறம் மின்சாரம் போயிற்று. இருட்டில் ஆபரேட்டரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதியது. அதற்கு மேல் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காத்தவராயன் மூன்றாம் நாள் மேலே வந்தான், வலது கால் மூன்று இடத்தில் முறிந்து. சம்பங்கியைத் துணி மூடிக் கொண்டுவந்தார்கள். ஷாப்டு வாசலில் சரஸ்வதி அழவில்லை. ரத்தினம்மாவின் முகத்தைப் பார்த்து, "கை தட்டிட்டோமே, ரத்தினம்" என்றாள். அவ்வளவுதான். அந்த மாதமே பிள்ளை வாசுவைக் கூட்டிக்கொண்டு மூன்று லைன் தள்ளி அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு ரத்தினம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் பழியைத் தூக்கிப் படத்தின் மேல் போட்டது. ராசி கெட்ட படம், பூமாதேவியைக் கிண்டல் செய்த படம், இனி இந்த மண்ணில் அதை ஓட்டக்கூடாது என்றார்கள். திரையரங்கை நடத்தி வந்த கடைவீதிக்காரர் கங்காதரனும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் ஆட்கள் கேஜில் இறங்கும்போது பல்லிச் சிப்பாய் மாதிரி "ஜிங்கா! ஜிங்கா!" என்று ஒருவனை ஒருவன் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. வாயை யார் கட்ட முடியும்?

ரத்தினம்மா இரண்டு வருஷம் பொறுத்தாள். பிறகு ஒரு காலை கங்காதரனின் கடைக்குப் போய் நின்றாள்.

"மொதலாளி, அந்தப் பல்லிப் படத்தைத் திரும்பக் கொண்டாங்க."

கங்காதரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா பேசற? ஜனங்க திரையைக் கிழிச்சிடுவாங்க. உன் வூட்டுக்காரன் கால் போன படம்மா அது!"

"கால் போனது கல்லால. படத்தால இல்ல. நாங்க கை தட்டினது தெரியாம தட்டினது. அதைப் பாவம்னு ஊரு சொல்லினே கீது. அந்தப் பாவத்தை ஒருத்தி தலையில சொமந்துனு உக்காந்துகிறா. நான் அதை எறக்கி வைக்காம வுட மாட்டேன்."

அவளுக்கு அதுதான் வேண்டும். படம் குற்றவாளி இல்லை, கை தட்டியவர்களும் குற்றவாளி இல்லை என்று சரஸ்வதி நம்ப வேண்டும். நம்பி, பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். தன்னுடைய புருஷன் எழுந்து நடமாடும்போது அவளுடைய புருஷன் இல்லையே என்ற வேதனை ரத்தினம்மாவைத் தின்றுகொண்டிருந்தது. இழுத்துக்கொண்டு போனவள் தான் என்பதை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

"சரி, மறுபடி நெசமாவே ஆடிச்சின்னா?" என்றார் கங்காதரன்.

அதற்கும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ராணி கையைத் தூக்கினதும் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும். படம் பாட்டுக்கு ஊமையாக ஆடட்டும். எல்லாரும் செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் வைத்திருக்க வேண்டும். அந்தக் காட்சி முடிந்ததும் விளக்கைப் போட வேண்டும். அவள் வெளியே போய் ஷாப்டுக்கு மேலே, கேஜை ஏற்றி இறக்குகிற சக்கரம் வழக்கம்போல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்வாள். அதற்குப் பிறகுதான் கடைசி ரீல். ஆபரேட்டர் ராஜேந்திரன் முதலில் முறைத்தான். பாதி ரீலில் நிறுத்தினால் பிலிம் பொசுங்கிவிடும் என்றான். பிறகு அவனே காட்சி முடிகிற இடத்தில் ரீலை வெட்டி, மாற்றி ஒட்டி, இடைவெளி சரியாக அங்கே விழும்படி செய்து கொடுத்தான்.

முதல் நாள் திரையைக் கிழிக்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். முந்நூறு பேர் மூச்சுக்கூட விடாமல் பாதத்தால் பூமியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் பல்லிகள் சத்தமில்லாமல் ஓடின. விளக்கு வந்தது, ரத்தினம்மா வெளியே போய் வந்து, "ஒண்ணும் இல்ல, ஓட்டுங்க!" என்றாள். அரங்கம் போட்ட ஆரவாரத்தில் கங்காதரன் டிக்கெட் அறையிலிருந்து ஓடிவந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த நிபந்தனையும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு விருந்தாளி செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்து, பக்கத்துக்காரனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

படம் வருகிற ஒவ்வொரு தடவையும் ரத்தினம்மா சரஸ்வதியின் வாசலுக்குப் போவாள். "சரசு, படம் வந்துகீது. பெஞ்சில எடம் போட்டு வெச்சிகிறேன்" என்பாள். சரஸ்வதி பதில் சொல்லாமல் கதவைச் சாத்துவாள். ரத்தினம்மா தன் பக்கத்தில் துண்டு விரித்து இடம் பிடித்து வைத்திருப்பாள். கூட்டம் நெரியும், சண்டைக்கு வருவார்கள். துண்டு மட்டும் நகராது.

காத்தவராயன் இப்போது மேலே லாம்பு ரூமில், விளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தான். அவனுக்கே பொறுக்கவில்லை. "அவ வரமாட்டா. இன்னாத்துக்கு ஒவ்வொரு தபாவும் போய் மூக்கு ஒடைபட்டு வர்ற?"

"வரமாட்டேன்னு அவ வாயால சொல்லட்டும். சொல்லலையே" என்றாள் ரத்தினம்மா.

எழுபத்துநாலில் ஏழாவது தடவையாகப் படம் வந்தது. அந்த வாரம்தான் வாசுவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. அப்பன் போன இடத்துக்குப் பிள்ளை. ரத்தினம்மா போனபோது கதவு திறந்தே இருந்தது. சரஸ்வதி நடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்துக்கொண்டு.

ரத்தினம்மா பெஞ்சில் இடம் போட்டதைப் பற்றிப் பேசவில்லை. "வாசு போய்ட்டானா?" என்றாள்.

"ரெண்டு மணிக்கே போய்ட்டான்." பன்னிரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. "மொத ஷிப்டு. உக்காந்தா தரை ஆடற மாதிரியே கீது, ரத்தினம். நின்னாலும் ஆடுது."

"இங்க தனியா உக்காந்து பாக்கறதுக்கு, அங்க முந்நூறு பேரோட உக்காந்து பாரு."

சரஸ்வதி தரையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு எழுந்து கதவைப் பூட்டினாள்.

பெஞ்சில் துண்டை எடுத்ததும் அதுவரை அந்தத் துண்டோடு சண்டை போட்டவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.  கேஜ் இறங்கியபோது "மூணு அடிடா" என்று அரங்கம் கத்தியது, சரஸ்வதியின் உதடு மட்டும் அசைந்தது. ராணி கையைத் தூக்கினாள். சத்தம் நின்றது. ரத்தினம்மாவின் பாதத்துக்குப் பக்கத்தில் சரஸ்வதியின் பாதம் நடுங்கியது தரை ஆடியதால் இல்லை என்று ரத்தினம்மாவுக்குத் தெரிந்தது.

விளக்கு வந்ததும் ரத்தினம்மா எழுந்தாள். சரஸ்வதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ இரு. என் புள்ள எறங்கிகிறான். நான் பாக்கறேன்."

போனவள் ஐந்து நிமிஷம் திரும்பவில்லை. ரத்தினம்மா ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவாள். ஆனாலும் அன்றைக்கு ஒரு விசில் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. முன் பெஞ்சுப் போக்கிரிகள்கூட வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். சரஸ்வதி வாசலில் வந்து நின்று, "சக்கரம் சுத்துது. ஓட்டுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

கடைசி ரீலை அவள் பார்த்ததே இல்லை. கோட்டை இடிகிறது. ஒரு வீடு அளவு பாறை உருண்டு வந்து கதாநாயகன் மேலேயே விழுகிறது. கதாநாயகி தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அழுது முடிப்பதற்குள் பாறை லேசாக அசைகிறது. கதாநாயகன் அதை ஒற்றைக் கையால் தள்ளுகிறான். அட்டைப் பாறை பந்து மாதிரி இரண்டு தடவை எம்பிக் குதித்துப் போகிறது. அவன் எழுந்து, சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்கிறான். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ரத்தினம்மா பயந்துபோய்த் திரும்பினாள். இந்த இடத்தை எப்படி மறந்தோம், இவளுக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சரஸ்வதி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "மறுபடியும் காட்டச் சொல்லு" என்றாள்.

ரத்தினம்மா மாடிப்படி ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனாள். ராஜேந்திரன், "படம் முடிஞ்சிடட்டும்க்கா, சுத்தித் திருப்பிப் போடறேன்" என்றான். படம் முடிந்தும் ஒருத்தரும் வெளியே போகவில்லை. பாறை மறுபடி உருண்டது, அவன் மறுபடி எழுந்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ராஜேந்திரன் யாரும் கேட்காமலே மூன்றாவது தடவையும் போட்டான்.

சரஸ்வதி ரத்தினம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "எழுந்துட்டாரு, ரத்தினம்" என்றாள்.

பன்னிரண்டு வருஷமாக அவளிடம் சொல்ல என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள் ரத்தினம்மா. அதையெல்லாம் விட்டுவிட்டு, அவள் தலையைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

"ஆமா, சரசு" என்றாள். "எழுந்துட்டாரு."