பாயிண்ட்டில் நிற்பவன்

இது கதை இல்லை. நடந்தது. அன்றைக்கு மைதானத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்... சொன்னால்தானே? கேட்டதும் ஆளாளுக்குப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் போன வீடு என்றுதான் நீங்கள் படித்திருப்பீர்கள். எனக்கு நடந்தது வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்திருக்கக் கூடாதா என்றுதான் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

நான் பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். பள்ளத்தில் இறங்கி, பஸ்ஸுக்கு அடியில் அண்ணாந்து நின்றே பாதி ஆயுசு போய்விட்டது. எங்கள் டிப்போவில் வருஷத்துக்கு ஒரு தடவை பெருசுகளுக்கும் பொடிசுகளுக்கும் கிரிக்கெட் மேட்ச் நடக்கும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் பெருசுகள், மற்றவர்கள் பொடிசுகள். கோப்பை கீப்பை எதுவும் கிடையாது. தோற்றவர்கள் அடுத்த மேட்ச் வரைக்கும் கிண்டலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெருசுகளுக்கு அம்பயர் அவுட் கொடுக்க மாட்டார். மூத்தவர்களைப் பார்த்து விரலைத் தூக்குவது மரியாதை இல்லையாம். அவுட் ஆனவரே "நான் அவுட்" என்று வாயால் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். சொல்லாதவரை அவர் அவுட் இல்லை. மூன்று ஸ்டம்ப்பும் மல்லாந்து கிடக்க, "காத்துல விழுந்துச்சுப்பா" என்று சாதித்த கண்டக்டர் ஒருவர் எங்கள் அணியில் இருக்கிறார்.

என் மகனும் அதே டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். பொடிசுகள் அணியில் அவனுக்குப் பசை என்று பெயர். கைக்கு வந்த பந்து ஒட்டிக்கொள்ளும், கீழே விழாது. எப்போதும் பாயிண்ட்டில்தான் நிற்பான். கிரிக்கெட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கும்போது, என் நெஞ்சுக்கு நேர் எதிரே இருக்கும் இடம்தான் பாயிண்ட். பந்து போடுகிறவனைப் பார்க்கத்தான் நான் கழுத்தைத் திருப்ப வேண்டும். என் பிள்ளையைப் பார்க்க எதையும் திருப்ப வேண்டாம். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவன் கையைத் தட்டுவான். டப்... டப்... இரண்டே தட்டு. "அப்பா, உட்கார்ற பெஞ்சு அந்தப் பக்கம் இருக்கு, கிளம்புங்க" என்று வம்புக்கு இழுப்பான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அவனுடைய பைக் வழுக்கிவிட்டது. பின்னால் லாரி. தகவல் வந்தபோது நான் பள்ளத்துக்குள் இருந்தேன். கையில் கிரீஸோடு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

இந்த வருஷம் மேட்ச் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். பொடிசுகளின் கேப்டன் வீட்டுக்கே வந்துவிட்டான். மகனோடு ஒன்றாகச் சுற்றியவன். ஆள் நெட்டை, அதனால் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம்.

"அவனுக்காக ஆடலாம்ப்பா. பாயிண்ட்ல வேற யாரையும் நிறுத்த மாட்டோம். அது அவன் இடம்."

என் மனைவிதான் உள்ளேயிருந்து சொன்னாள். "போயிட்டு வாங்க. அவன் இருந்தா உங்கள வீட்ல உட்கார விடுவானா?"

போனேன்.

டைம் ஆபீஸ்காரர்தான் அம்பயர். காலையில் டிரைவர்களை எண்ணுவதுபோலப் பொடிசுகளை நிறுத்தி எண்ணினார். "பத்துப் பேர்தான் இருக்கீங்க?"

"பதினொண்ணு சார்," என்றான் ஒட்டடைக்குச்சி. "பாயிண்ட்டையும் சேர்த்துக்குங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, வேலைக்கு வந்தவர்களைக் கூப்பிடும் அதே குரலில், "பசை!" என்று கூப்பிட்டார். "வந்தாச்சு சார்!" என்று பொடிசுகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். கை தட்டினோம். அழுதோம். அன்பில் செய்த காரியம்தான். ஆனால் அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் பொடிசுகள் ஆடினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு நாங்கள் இறங்கினோம். விக்கெட்டுகள் வரிசையாகப் போயின. கண்டக்டர்கூட அன்றைக்கு அடம் பிடிக்காமல் "நான் அவுட்" என்று சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார். அவரும் நானும் கடைசி ஜோடி. மணி ஐந்து இருக்கும். நான் மட்டையை ஊன்றி நின்றேன். எதிரே காலி இடம். அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மட்டை பிடித்தால் முகம் அங்கேதானே போகிறது?

மூன்றாவது பந்தை ஓங்கி வெட்டினேன். அடி நன்றாக விழுந்தது. காலி இடத்தின் வழியாக எல்லைக்கோட்டுக்குப் போக வேண்டிய பந்து. போகவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது.

"புல்லு தடுத்துடுச்சு போல," என்றார் கண்டக்டர்.

அங்கே புல்லே கிடையாது. வெறும் கட்டாந்தரை.

அடுத்த ஓவரில் இன்னொரு பந்து அதே பக்கம் போனது. அதுவும் நின்றது. ஒட்டடைக்குச்சி எடுக்க ஓடினான். அவன் போய்ச் சேருவதற்குள் பந்து திரும்பி உருண்டு வந்தது. மெதுவாக. விக்கெட் கீப்பரின் கால் வரைக்கும் வந்தது. கீப்பர் குனிந்து எடுத்தான். மைதானத்தில் அதுவரை இருந்த கேலியும் சத்தமும் அப்படியே அடங்கிப்போயின.

அதன் பிறகு மெல்லத் தட்டினாலும் ஒரு ரன் கிடைக்கிற பந்து ஒன்று வந்தது. தட்டிவிட்டு ஓடத் தொடங்கினேன். எதிர்முனையிலிருந்து கண்டக்டர் கையை நீட்டிக் கத்தினார்.

"வராதீங்கண்ணே! பந்து பசைகிட்ட போயிருக்கு!"

நான் அப்படியே நின்றேன். அவரும் நின்றார். தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பாயிண்ட்டில் யாருமில்லை. பந்து மட்டும் இருந்தது. பக்கத்தில், காலால் கிளறியதுபோல, கொஞ்சம் தூசி எழும்பி அடங்கியது.

கடைசி ஓவர். நான்கு ரன் வேண்டும். வெயில் சாய்ந்து என் கண்ணுக்கு நேராக அடித்தது. பந்து போடுகிறவன் ஓடிவரத் தயாரானான். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் கேட்டேன்.

டப்... டப்...

யார் தட்டியது? எல்லோர் கையையும் பார்த்தேன். எல்லோர் கையும் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த பந்து.

டப்... டப்...

எனக்குப் பயம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. வந்திருக்கிறான். என் பிள்ளை வந்திருக்கிறான்... முகத்தைக் காட்ட மாட்டானா?

பந்து வந்தது. மட்டையின் விளிம்பில் பட்டு மேலே எழும்பியது.

நேராகப் பாயிண்ட்டுக்கு.

ஒட்டடைக்குச்சி பக்கத்தில்தான் நின்றான். இரண்டு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். அவன் பின்னால் நகர்ந்தான்.

பந்து இறங்கியது.

'சப்.'

மண்ணில் விழுந்த சத்தம் இல்லை. உள்ளங்கையில் விழுந்த சத்தம்.

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். பந்து தரையில் இருந்தது. குதிக்கவில்லை. உருளவில்லை. யாரோ குனிந்து வைத்ததுபோல இருந்தது.

யாரும் அப்பீல் கேட்கவில்லை. டைம் ஆபீஸ்காரர் என்னையே பார்த்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான்தான் சொல்ல வேண்டும்.

சொன்னால் மேட்ச் முடிந்துவிடும். முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். அவன் எங்கே போவான்?

"அண்ணே..." கண்டக்டருக்குக் குரல் உடைந்தது. "பையன் பிடிச்சிட்டான்ணே."

"நான் அவுட் இல்ல," என்றேன்.

"அண்ணே..."

"நான் அவுட் இல்லன்னு சொல்றேன்ல!"

பந்து போட்டவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "என்னால முடியாது சார்" என்று முகத்தை மூடிக்கொண்டான். அதோடு மேட்ச் நின்றது. ஸ்டம்ப்பைப் பிடுங்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒட்டடைக்குச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் கை சில்லென்று இருந்தது.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தாங்குவாளா?

அந்த வாரமே ஒரு சாயங்காலம், முழங்கால் பட்டையை அங்கே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து, மைதானத்துக்குப் போனேன். அங்கே இருந்த காவலாளி வேலைக்குப் புதிது. எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. பட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"சார், உங்க ஆளு ஒருத்தர இப்படியா விட்டுட்டுப் போவீங்க?"

"யார?"

"அன்னிக்கு மேட்ச் ஆடின தம்பிதான். நீங்கல்லாம் போனப்புறமும் நின்னுக்கிட்டே இருந்தாரு. கேட்டப் பூட்டணும், வாப்பான்னேன். வரல."

"ஏதாவது... சொன்னாரா?"

"'அப்பா இன்னும் அவுட் ஆகல'ன்னாரு. சரி, மதில் ஏறிக் குதிச்சுப் போயிடுவாருன்னு நானும் விட்டுட்டேன். காலையில வந்து பாக்குறேன், அங்கேயே நிக்கிறாரு. தினமும் நிக்கிறாரு சார். வீட்ல தேட மாட்டாங்களா?"

அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்தேன். எனக்குக் கட்டாந்தரைதான் தெரிந்தது.

அன்றைக்கு மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவாள், மயங்கி விழுவாள் என்று பயந்தேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தபடியே கேட்டாள்.

"நாள் பூராவும் நின்னுக்கிட்டேவா இருக்கான்?"

"ம்."

"ராத்திரியும்?"

"ம்."

மடியில் இருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுட்டுன்னு சொல்லிடுங்க. அவனுக்குக் கால் வலிக்கும்."

அடுத்த நாள் ஷிஃப்ட் முடிந்ததும் போனேன். மட்டை இல்லாமல், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அதே மாதிரி நின்றேன். வாயைத் திறந்தேன்.

டப்... டப்...

அந்தச் சத்தம் கேட்டதும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. பெற்ற பிள்ளையை எத்தனை தடவைதான் அனுப்பி வைப்பது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். வீட்டு வாசலில் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். கேட்க மாட்டாள். உள்ளே போய்விடுவாள்.

நேற்றும் போனேன். நின்றேன். காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

கேட்டுக்கு ஓடினேன்.

"அந்தத் தம்பி... போயிட்டாரா? இன்னும் நிக்கிறாரா?"

காவலாளி என் தோளுக்குப் பின்னால், மைதானத்தை எட்டிப் பார்த்தார்.

"நிக்கல சார்," என்றார். "கால ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."