மூன்றாம் பிரஸ்ஸில் தொங்கிய அட்டை

வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ்ஸுக்குள் கை விடுகிறவர் முதலில் தன் அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டுவார். மாட்டியவரே வந்து எடுக்கும்வரை யாரும் அந்த மெஷினைத் தொடமாட்டோம். இது எந்த விதியிலும் கிடையாது. கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சுவிட்ச் ஒன்று உண்டு. உற்பத்தி குறைகிறது என்று அதை வேலை செய்யாதபடி எப்போதோ கட்டிப்போட்டுவிட்டார்கள். எங்கள் கைக்குப் பாதுகாப்பு ஒரு பிளாஸ்டிக் அட்டையும் கயிறும்தான்.

பிறகு ஏஐ ஏஜென்ட் வந்தது. வாயால் சொன்னால் மெஷினை ஓட்டும், நிறுத்தும். அதற்குக் கண் கிடையாது. கம்ப்யூட்டரில் நாம் கொடுக்கும் கட்டளைக் கருவிகள்தான் அதற்குக் கை. ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துக்கு வெளியே அதற்கு எதுவும் தெரியாது. ரீசெட் கருவிக்கு ஆபீசில் எழுதியிருந்தது ஒரே வரி: "அலாரத்தை நீக்கும்." ரீசெட் செய்தால் பிரஸ் ஒருமுறை இறங்கி ஏறும் என்று எழுதவில்லை. அட்டையைப் பற்றியும் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் பிரஸ்ஸில் இருந்தவன் பக்கத்து ஊர்க்காரன், வாய் ஓயாதவன். ஒருநாள் தகடு சிக்கி அலாரம் கத்தியது. அட்டையை மாட்டிவிட்டு உள்ளே கை விட்டான்.

"இன்னாக்கா இது, என் மாமியா மாதிரி கத்திகினே கீது," என்றான். நான் சிரித்தேன்.

அடுத்த லைனில் யாரோ அந்தச் சத்தத்தை நிறுத்தும்படி ஏஜென்டிடம் சொன்னார்கள். அது தன்னிடம் இருந்த அந்த ஒரு வரியைப் படித்தது. ரீசெட் செய்தது.

இரண்டு விரல் போயிற்று. அட்டை கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது.

விசாரணையில் மனிதத் தவறு என்று எழுதினார்கள். எந்த மனிதன் என்று எழுதவில்லை. மெஷினை நிறுத்தி வைத்தார்கள். அட்டையை யாரும் எடுக்கவில்லை, மாட்டியவன் வரவில்லையே. அதில் இருந்த போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஃபேன் காற்றில் அட்டை அந்தப் பக்கம் திரும்பும். மறுபடி என்னைப் பார்க்கத் திரும்பும் என்று தெரியும், காத்துக்கொண்டிருப்பேன். போன் செய்தால், "இல்லாத வெரலு அரிக்குதுக்கா. எங்க சொறியறது?" என்பான்.

மெஷினைத் திரும்ப ஓட்ட வேண்டி வந்ததும், கருவி விவரத்தை என்னைத் திருத்தி எழுதச் சொன்னார் மேனேஜர். எழுதினேன்: "இதை இயக்கினால் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருந்தால் நசுங்கும். சத்தத்தை மட்டும் நிறுத்த இதை எடுக்காதே, அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. அட்டை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார். உன்னால் அதைப் பார்க்க முடியாது. மெஷின் முன்னால் நிற்பவரைக் கேள். பதில் வராவிட்டாலும், அட்டை இருந்தாலும் இயக்காதே. மாட்டியவர்தான் எடுக்க வேண்டும்."

"நசுங்கும்னுலாம் எதுக்கும்மா? ஆடிட்ல படிப்பாங்க," என்றார்.

"அவன் கைக்கு ஆனதுக்கு வேற பேரு இருந்தா சொல்லுங்க சார், எழுதறேன்."

நான் எழுதியதை அப்படியே ஏஜென்டில் ஏற்றினார்கள்.

ஓட்டும் நாளில் தெற்கத்திப் பெண் ஒருத்தியை அந்த பிரஸ் முன்னால் நிறுத்தினார்கள். சுவிட்ச் அப்போதும் கட்டித்தான் இருந்தது. மேனேஜர் ஏஜென்டிடம் ரீசெட் செய்யச் சொன்னார். ஸ்பீக்கரில் அது கேட்டது: "மூன்றாம் பிரஸ் முன்னால் இருப்பவர் சொல்லவும். கைப்பிடியில் அட்டை தொங்குகிறதா?"

"தொங்குது," என்றாள் அவள்.

"அப்படியானால் இயக்க முடியாது. மாட்டியவர் எடுக்க வேண்டும்."

"அது பழசும்மா, கழட்டிப் போடு," என்றார் மேனேஜர்.

"அடுத்தவுக அட்டைய நான் தொட மாட்டேன் சார்."

லைனில் ஒருவரும் அசையவில்லை. "மொதல்ல சுவிட்ச சரி பண்ணுங்க. அவன நான் கூப்புடறேன்," என்றேன்.

எலக்ட்ரீஷியனுக்கு அது ஒரு டீ ஆறும் நேரத்து வேலை. இதைத்தான் உற்பத்தி குறையும் என்று இத்தனை காலம் செய்யாமல் விட்டார்கள்.

மறுநாள் அவன் வந்தான். இடது கையால் அட்டையை எடுத்தான். ஏஜென்ட் மறுபடி கேட்டது.

"இல்ல. எட்த்துட்டேன்," என்றான்.

கதவு மூடியிருந்தது. பிரஸ் இறங்கியது. அவன் வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பிரஸ் ஏறி நின்ற பிறகும் விடவில்லை.