சொர்ணம் விழுங்கிய சத்தங்கள்

சொர்ணத்துக்கு வளவளவென்ற பேச்சு பிடிக்காது. ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பல வருஷம் தையல் மிஷின் ஓட்டினாள். கணவர் படுக்கையில் விழுந்தபோது, அவரைப் புண் வராமல் புரட்டிப் போடத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வீட்டு நர்சிங் வகுப்பில் சேர்ந்தாள். அவர் போன பிறகு அந்தப் படிப்புதான் அவளுக்குச் சோறு போட்டது. அதற்கு இன்றைக்கும் அவள் நன்றியோடு இருக்கிறாள். வகுப்பெடுத்த மமதா மேடத்தின் சொல் அவளுக்கு வேதம்: நோயாளியின் அறையில் சத்தம் கூடாது, நடிப்பு கூடாது, தேவையானதைத் தெளிவாகச் சொன்னால் போதும்.

இப்போது மல்லேஸ்வரத்தில் கஸ்தூரிரங்கன் வீட்டில் பகல் வேலை. அவர் சிறுகதை எழுதுகிறவர், மனைவியை இழந்தவர். சர்க்கரை நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். அவர் வாயால் சொல்லச் சொல்ல, மகள் வித்யாலட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கதைகளைத் தட்டச்சு செய்தாள். அது புத்தகமாகப் போகிறது. சென்னையிலிருந்து பதிப்பாளர் இராஜமாணிக்கம் அச்சுக்கு முந்தைய படியை அனுப்பியிருந்தார். கஸ்தூரிரங்கன் கேட்டுவிட்டுச் சரி என்றால் அச்சடிக்க வேண்டியதுதான். இனிமேல் இன்னொரு புத்தகம் எழுதத் தெம்பில்லை என்பது அவருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

வித்யாலட்சுமிக்கு வைட்ஃபீல்ட் ஆபீசில் தலைக்கு மேல் வேலை. விடிந்ததும் மெட்ரோவுக்கு ஓடுகிறவளிடம் என்ன கேட்பது? படிக்கும் பொறுப்பு சொர்ணத்திடம் வந்தது.

"தமிழ் நன்னா படிப்பேளோ சொர்ணம்மா?"

"தமிழ் மீடியம் சார். டாக்டர் சீட்டுதான் படிக்க வராது. அது டாக்டருங்களுக்கே வராது."

படித்தாள். மருந்து அட்டையைப் படிக்கிற மாதிரியே படித்தாள். பெயர், அளவு, வேளை. மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் அலங்காரம். 'கேட் கிறீச்சென்று திறந்தது' என்றிருந்தால் "கேட் திறந்தது" என்றாள். 'மழை சோவென்று கொட்டியது' என்றால் "மழை கொட்டியது". ஒரு கதையில் மாமியார் 'தொபுக்கடீரென்று சாக்கடைக்குள் விழுந்தாள்'. அந்த இடத்தில் சொர்ணத்துக்கு முகம் சூடாகிவிட்டது. பெரிய மனுஷருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தொபுக்கடீர் என்பதா? மாமியாரைச் சத்தமில்லாமல் சாக்கடையில் இறக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

பாதிப் புத்தகம் தாண்டும்போது கஸ்தூரிரங்கன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். முகம் கறுத்திருந்தது. அவள் கஞ்சி காய்ச்ச உள்ளே போனதும், தடவித் தடவி போனை எடுத்தார். ஸ்பீக்கரில்தான் அவர் பேசுவார்.

"இராஜமாணிக்கம், யாரைக் கேட்டு வெட்டினேள்?"

"எதை சார்?"

"சத்தத்தை. என் கேட்டு கிறீச்சிடலை. மழை வாயை மூடிண்டு பெய்யறது. சாக்கடையில விழுந்தவ பஞ்சு மூட்டையாட்டம் விழறா."

"ஒரு எழுத்தைக்கூடத் தொடல சார். அப்படியேதான் இருக்கு."

"என் காதால கேட்டேன். பல்லைப் பிடுங்கின புஸ்தகம் எனக்கு வேண்டாம். நிறுத்திடுங்கோ."

அடுப்படியில் சொர்ணத்தின் கரண்டி நின்றுவிட்டது. நான்கு வருஷம் அவர் சொல்லிச் சொல்லிச் சேர்த்த புத்தகம். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் புத்தகம் போகும்.

கோபத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவி வெந்நீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அவரைப் பார்க்கிற டாக்டர் நரேஷ் அழைத்தார். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நேத்து நெஞ்சுல கொர்கொர்னு இருந்துச்சு சார். படுத்தா விசில் மாதிரி ங்கொய்னு ஒரு இழுப்பு. இன்னிக்கி அது ரெண்டும் இல்ல. லொக்கு லொக்குன்னு வறட்டு இருமல், அவ்ளோதான்."

"நல்லதும்மா. அதே மருந்து போதும்."

போனை வைத்தாள். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. கஸ்தூரிரங்கனின் முன்னால் போய் நின்றாள்.

"சார், புஸ்தகத்துல எல்லாமே இருக்கு. நான்தான் விட்டுட்டுப் படிச்சேன்."

அவர் தலையைத் திருப்பினார். "ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு. அது இல்லன்னாலும் அந்தம்மா விழுந்தது புரியுதேன்னு நெனச்சேன்."

"டாக்டர்கிட்டயும் 'இருமறார்'னு சொல்லியிருக்கலாமே. அதுவும் புரியுமே."

"அது எப்படி சார்? எந்த இருமல்னு தெரியாம அவர் என்னத்த மருந்து குடுப்பாரு?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "அந்தக் கேட்டு கதையில ஒரு பொம்மனாட்டி தனியா இருக்கா. தனியா இருக்கான்னு நான் எங்கயும் எழுதலை. கேட்டுக்கு எண்ணெய் போட அந்த வீட்டுல ஆளில்லை. கிறீச்சுக்குள்ளதான் அவ தனிமையை வெச்சேன். நீங்க அதை எடுத்ததும், யாரோ ஒரு வீட்டுல யாரோ கேட்டைத் திறக்கறா."

சொர்ணம் தன் வீட்டு இரும்புக் கதவை நினைத்துக்கொண்டாள். கணவர் போன வருஷம் அதுவும் இப்படித்தான் கத்தியது. பிறகு அவளே எண்ணெய் வாங்கிப் போட்டாள்.

"ஏஜென்சிக்கு நானே சொல்லிடறேன் சார். வேற ஆள் அனுப்புவாங்க."

"முதல்ல அந்த போனைக் குடுங்கோ."

இராஜமாணிக்கம் எடுத்தார். சொர்ணம் தன் பெயர் வருவதற்காகக் காத்து நின்றாள். அவள் பார்க்கிற வேலையில் தம்ளர் உடைந்தாலும் முதலில் உருள்வது ஆயாவின் பெயர்தான்.

"தப்பு எங்காத்துலதான் நடந்துடுத்து. யோசிக்காம உங்க மேல பாஞ்சுட்டேன், மன்னிச்சுக்கணும். நாளைக்குச் சாயங்காலம் சரின்னு சொல்றேன். அதுவரைக்கும் பொறுங்கோ."

அவ்வளவுதான். எங்காத்துல என்றாரே தவிர, யார் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் அவளும் அடங்கிப் போனாள். எத்தனையோ வீடுகளில் அவள் பழைய புடவையும் தீபாவளி ஸ்வீட் பாக்ஸும் வாங்கியிருக்கிறாள். இதை யாரும் கொடுத்ததில்லை. நன்றியை வாயால் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

முதல் கிறீச் கூச்சத்தோடு வந்தது.

"இது புது கேட்டு," என்றார் அவர்.

அடுத்த கிறீச்சுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் தலையாட்டினார். மழையைச் சோவென்று கொட்டவிட்டாள். மாமியாரை அவள் தொபுக்கடீரென்று தள்ளிவிட்ட வேகத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேறொரு கதையில் ஒரே பத்தியில் சலசல, கலகல, மடமட என்று வரிசையாக வந்தன. அவர் கையை உயர்த்தினார். "பட்டாசுக் கடையாட்டம் இருக்கு. கலகலவை மட்டும் வெச்சுண்டு மத்த ரெண்டையும் அடிச்சுடுங்கோ."

"இதைத்தானே சார் நான் அப்பவே பண்ணேன்."

"நீங்க ஊரையே ஊமையாக்கினேள். நான் ரெண்டு பேர் வாயைத்தான் மூடறேன்."

மறுநாள் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து கடைசிக் கதையை எடுத்தாள். அதன் நடுவில், அடுப்படியில் குக்கர் சீறும் இடம் வந்தது. சொர்ணம் மூச்சை இழுத்து நிறுத்தினாள். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம் அறையை நிறைத்தது.

கஸ்தூரிரங்கனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் சொர்ணம்மா. அந்தக் குக்கரையே கொண்டுவந்து வெச்சுட்டேள்."

"ஸ்வல்ப இருங்க சார்," என்று அவள் படியை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள். "இது நான் இல்ல. உங்க பருப்பு."