படகோட்டி கட்சியும் வைத்தியன் கட்சியும்

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம்... விடுங்க" என்று பகல் முழுக்கச் சொல்லிப் பழகி, வீட்டில் கணவரிடமும் அதே அதட்டல்தான் வரும். ஐம்பதைத் தாண்டிய இந்த அக்கா, ஈயத் தடுப்புக்குப் பின்னால் வேறோர் உலகத்தில் குடியிருந்தது சக ஊழியர்கள் யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமைதோறும் கைப்பேசியில் வெளியாகும் ஒரு மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரத் தொடர்கதை அது. ஆற்றங்கரை ஊரைக் காவல் காக்கும் வாள்காரி. அவளை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் படகோட்டி. அவள் காயங்களுக்கு மருந்து கட்டும் வைத்தியன். படகோட்டிக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. ஆனால் வாயைத் திறக்க மாட்டான். கதை தொடங்கி ஏழெட்டு வருடமாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. வாள்காரி யாரோடு சேர வேண்டும் என்பதில் வாசகர்கள் இரண்டு கட்சி; அக்கா படகோட்டி கட்சி. வாசகர் குழுவில் 'துடுப்பு' என்ற புனைபெயரில் எதிர்க்கட்சியைப் பிரித்து மேய்பவர்.

ஒரு வியாழக்கிழமை, பெரியவர் ஒருவரைப் பலகையில் நெஞ்சு ஒட்ட நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்தார். "விடுங்க" என்பதற்குள் கைப்பேசியில் புது அத்தியாயம் மின்னியது. படகில் தூங்கிப்போன வாள்காரியின் முகத்தில் வெயில் படாமல் படகோட்டி கையை நீட்டிப் பிடித்திருந்தான். பக்கம் முழுக்க அந்தக் கை மட்டும்தான். குழுவில் ஒருத்தி, "நான் செத்துட்டேன், யாராவது எடுத்துப் போடுங்க" என்று எழுதியிருந்தாள். அக்கா அந்தக் கையை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா... விடலாமா?" என்று மிச்சமிருந்த மூச்சில் கேட்டார் பெரியவர்.

அடுத்த வாரமே வைத்தியன் தன் மனதைச் சொல்லிவிட்டான். படகோட்டி அதைக் கேட்டுவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அக்கா அன்று மாலை குழுத் தோழியிடம் போனில் குமுறினார். "இத்தன வருஷம் காத்திருக்க வச்சிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான்டி! அவ என்ன செய்வா?"

அடுத்த அறையில் இருந்த கணவரின் காதில் இது விழுந்தது. அவர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். ஒரே மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். மறுநாள் பட்டறையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்.

"யாரும்மா அந்தப் பையன்? சொல்லு, அப்பா கோவப்பட மாட்டேன்."

"எந்தப் பையன்ப்பா?"

"அதான், ஒண்ணும் சொல்லாம போயிட்டானே. அம்மா அழறா."

விஷயம் புரிந்ததும் மகள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "அவன் கதையில வர்றவன்ப்பா!" என்று சொல்லி, முதல் அத்தியாயத்தை அனுப்பி வைத்தாள்.

என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் தொடங்கினார். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் இடைவெளிகளில் எல்லாவற்றையும் படித்து முடித்து, வைத்தியன் கட்சியில் சேர்ந்துவிட்டார். யாருக்கும் சொல்லாமல் குழுவிலும் புகுந்தார்.

புதிய உறுப்பினர் எழுதியது இது: "ஸ்டார்ட் ஆகாத மோட்டாருக்கு இன்னும் எத்தன தடவை சுவிட்ச் போடுவீங்க? காயில் எரிஞ்சு போச்சு. கழட்டிட்டு வேற மாட்டுங்க."

காதலைக் காயிலை வைத்து அளக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான் என்பது அக்காவுக்குத் தெரியாதா? உடனே பதில் தட்டினார்: "கல்யாணமானதுலேருந்து ஒரு நாளும் 'நல்லா இருக்கே'ன்னு சொல்லாத மோட்டார் எங்க வீட்லயும் ஒண்ணு ஓடுது. கழட்டிடலாமா ஐயா?"

குழுவில் இதயங்களாகக் கொட்டின. அடுத்த அறையிலிருந்து கணவர் எழுந்து வாசற்படியில் வந்து நின்றார்.

"வீட்டு விஷயத்த ஏன் அங்க இழுக்கிற?"

"நல்லா இருக்கேனா, இல்லையா?"

"இருக்கே" என்றார், சுவரைப் பார்த்து.

"அத அங்க எழுதுங்க."

எழுதினார்: "துடுப்பு நல்லாத்தான் இருக்காங்க. இருந்தாலும் வைத்தியன்தான் சரி."

அன்றிலிருந்து குழு, படகோட்டியை விட்டுவிட்டு இவர்கள் இருவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு கூட்டம், "இவங்களுக்குள்ள ஏதோ ஓடுது" என்று குதூகலித்தது. இன்னொரு கூட்டம், கல்யாணமான பெண்ணிடம் இப்படியா வழிவது என்று புதியவரைக் கடிந்துகொண்டது. "பாவம், அவங்க வீட்டுக்காரர்" என்று பலர் உருகினார்கள்.

கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குழம்பினார். "என்னைத் திட்றாங்களா, பாவம்ங்கிறாங்களா?"

"ரெண்டும் உங்களத்தான்" என்று சொல்லி, அக்கா அடுத்த அத்தியாயத்தைத் திறந்தார்.