குருவம்மாள் சொல்லாமல் வைத்த கேதம்

சிலமலையில் பிறந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டவள் குருவம்மாள். பேச்சில் அவளுக்கு ஈடு அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. சந்தையில் அவள் விலை கேட்க ஆரம்பித்தால் வியாபாரி தராசைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலைப் பையைத் தேடுவான். புருஷன் வீரணன் பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றைப் பேசிவிட்டு மீதியைப் பெண்டாட்டியிடம் விட்டுவிடுகிற ஆள். போடிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை, குரங்கணிக்கு மேலே மலையில் ஒரு ஏலக்காய்த் தோட்டம், ஒரே மகன் ராஜாராம். இருக்கிறதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துத் துரை. அவருடைய அண்ணன் கடலுக்கு அப்பால், தென்னமெரிக்காவில், டெமரேரா என்கிற சீமையில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார். குருவம்மாளின் பங்காளி வகையில் ஒரு பெரியவர் ஐம்பது வருஷத்துக்கு முன்பு கப்பலேறி அங்கேதான் கூலிக்குப் போனார். அவர் பேரன் இப்போது அந்த நாட்டுத் தலைநகரமான ஜார்ஜ்டவுனில் கோர்ட்டுத் துபாஷி, சாட்சி சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்கிற உத்தியோகம். குருவம்மாளுக்கு அண்ணன் முறை. துபாஷிக்கு ஒரு கவலை இருந்தது. மகன் சின்னச்சாமிக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் தகராறு. குருவம்மாளின் கவலை அதற்கு நேர்மாறு. திருவிதாங்கூர் சர்க்கார்க் கச்சேரிக்கும் மதுரைக் கச்சேரிக்கும் அலைகிற ஏலத்தோட்டக்காரன் மகனுக்கு நாலு எழுத்து இங்கிலீஷ் வர வேண்டாமா என்று அவள் தவியாய்த் தவித்தாள்.

துரை இரண்டு கவலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். உன் பிள்ளை அங்கே இருந்து படிக்கட்டும், அவர் பிள்ளை இங்கே இருந்து படிக்கட்டும், மூன்று வருஷம் கழித்து அவரவர் பிள்ளை அவரவர் வீட்டுக்கு.

"ஒத்தப் பிள்ளையக் கடல் தாண்டி அனுப்புறதா?" என்றார் வீரணன்.

"பொண்ணக் குடுத்துப் பொண்ணெடுக்கிறது நமக்குப் புதுசா? இது பையனக் குடுத்துப் பையன எடுக்கிறது. அண்ணன் வீட்லதான இருக்கப்போறான்? நீங்க கண்மாயத் தாண்டவே நல்ல நேரம் பாக்குற ஆளு, உங்ககிட்டப் போயி நான் யோசனை கேட்டேன் பாருங்க" என்று அவள் முடித்துவிட்டாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம். பதினாறு வயது ராஜாராம் அம்மையநாயக்கனூர் ரயிலடியில் வண்டி ஏறினான். இரண்டு மாதம் கழித்து அதே ரயிலடியில் சின்னச்சாமி இறங்கினான். ஒல்லியான பையன், வெயிலுக்குத் தொப்பி, காலில் சப்பாத்து. மாட்டுவண்டியில் வரும்போது மலையைப் பார்த்துவிட்டு வாயை மூடவே இல்லையாம். "அத்தை, எங்க ஊரில் மேடே கிடையாது" என்றான், புத்தகம் வாசிப்பதுபோல. "கடல்தான் ஊரைவிட உயரம். சுவர் கட்டித் தடுத்திருக்கிறார்கள்."

மற்றவர்கள் சிரித்தார்கள். குருவம்மாள் சிரிக்கவில்லை. மகன் இருக்கிற ஊரைவிடக் கடல் உயரம் என்றால் எந்தத் தாய்க்குச் சிரிப்பு வரும்?

அன்றிலிருந்து அவளுக்கு அதே சோலி. அடுப்படியில் அவனை உட்கார வைத்து அந்த ஊரை அக்குவேறு ஆணிவேறாகக் கேட்பாள். வீடெல்லாம் மரத்தில் கட்டி, கட்டைக் கால்மேல் நிற்குமாம். தெருவுக்குத் தெரு வாய்க்கால், அதில் ஆளுயரத்துக்குத் தாமரை. அவன் அம்மா சந்திரவல்லி வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு விளக்குப் போடுவாள். ராஜாராம் படுப்பது சின்னச்சாமியின் கட்டிலில்தான். ஜன்னலைத் திறந்தால் கடைத்தெருவின் மணிக்கூண்டு தெரியும். இப்படிக் கேட்டுக் கேட்டே, போடியை விட்டு மதுரைக்கு அந்தப் பக்கம் போயிராத பொம்பளை ஜார்ஜ்டவுனில் பாதி நாள் குடியிருந்தாள். மதினி சந்திரவல்லி எந்தக் கரண்டியால் குழம்பு ஊற்றுவாள் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

ராஜாராமின் கடிதங்கள் எப்போதாவது வந்தன. முதல் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் படிக்கப் படிக்க வீரணன் எழுந்து போய்விட்டார். குடுமியைப் பிடித்து இழுக்கிறார்களாம். வகுப்பில் இவன் வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்களாம். ஓடி வந்துவிடலாம் என்றால் முன்னால் கடல், பின்னால் காடு. 'அத்தை மட்டும் இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன்' என்று எழுதியிருந்தான். அழுத பிள்ளையை மடியில் போட்டுத் தலை தடவினாளாம், அந்த மகராசி சந்திரவல்லி.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். நம்பியவள் குருவம்மாள் ஒருத்திதான். இங்கே சின்னச்சாமி இலையில் நெய் விழுந்தால் அங்கே ராஜாராம் இலையில் நெய் விழும். சனிக்கிழமை இவனுக்கு எண்ணெய் தேய்த்தால் அங்கே அவன் தலை குளிரும். இவன் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அங்கே அவன் பட்டினியோ என்று மறுபடி உலை வைப்பாள். ஆரம்பத்தில் அது கணக்குப் பார்த்த பாசம்தான், நான் மறைப்பானேன். ஆனால் ஒரு வருஷத்தில் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. அவன் 'அத்தை' என்று கூப்பிட்டால் அடுப்பில் பால் பொங்குவதை விட்டுவிட்டு ஓடுவாள். அவனும் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, "வெரசா சோத்தப் போடுங்க அத்தை" என்று போடிக்காரனாகவே பேசப் பழகிவிட்டான்.

இரண்டாம் வருஷம் ஆவணியில் ஏலக்காய் பறிப்புத் தொடங்கியது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கொத்தைப் பறிக்கிறது வீட்டு மகன். செருப்பில்லாமல் மலையேறி, கொத்தைத் தோட்டத்துக் கருப்பசாமிக்கு வைத்துவிட்டு, முதல் பறிப்புக் காய் உலர்ந்து இறங்குகிறவரை அங்கேயே தங்க வேண்டும். போன வருஷம் மகன் இல்லாமல் வீரணனே பறித்தார். அது குருவம்மாளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மகன் இடம் காலியாகக் கிடந்தால் சாமி அவனை மறந்துவிடுமோ என்று பயம்.

"இந்த வருசம் சின்னச்சாமி பறிக்கட்டும். மருமகன் கையும் மகன் கைதான்" என்றாள்.

தோட்டத்துக் காவல்காரன் சோணை அப்போது போடிக்கு வந்திருந்தான். "வேணாம் ஆத்தா. அடமழை. புது ஒடம்பு, மலைத்தண்ணி ஒத்துக்கிறாது. தை மாசம் கூட்டியாங்க" என்றான்.

"நீ காவலைப் பாரு சோணை. என் மகன் எடத்துல ஒரு பிள்ள நிக்கணும்."

சின்னச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழுதைப் பொதிகளோடு வெறுங்காலில் ஏறினான். அட்டைக் கடியைக்கூட எண்ணிச் சொல்லிச் சிரித்தானாம். பறித்தான், வைத்தான், தங்கினான். இறங்கும்போது ஆட்கள் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலைக்காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நிலவேம்புக் கஷாயம் வைத்தார்கள், வேப்பிலை கட்டினார்கள். வீரணன் மலையேறித் துரை பங்களாவிலிருந்து கொய்னா மருந்து வாங்கி வருவதற்குள் பையனுக்கு விழுங்கச் சக்தி இல்லை. துரையும் அப்போது லீவில் சீமைக்குப் போயிருந்தார். கடைசியில் அவன் இங்கிலீஷில்தான் பேசினான். என்ன சொன்னான் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. குருவம்மாள் ஒவ்வொன்றுக்கும் "ஆமாய்யா, ஆமாய்யா" என்றாள். விடியும்போது போய்விட்டான்.

அவள் அழுத அழுகையில் பொய் இல்லை. பெற்ற பிள்ளைக்கு அழுகிற மாதிரிதான் மண்ணில் புரண்டு அழுதாள். அனுப்பினவள் அவள் என்பதை யாரும் சொல்லிக்காட்டத் தேவையிருக்கவில்லை. வீரணன் கொள்ளி வைத்தார். சுடுகாட்டிலிருந்து வந்து ஈரத் துணியோடு நின்று, "வாத்தியாரக் கூப்பிட்டுக் கடுதாசி எழுதணும்" என்றார்.

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"கேதத்தக் காயிதத்துலயா சொல்றது? நம்ம சனத்துல எங்கயாச்சும் உண்டா? ஆள் போயி வாசல்ல நின்னுல்ல சொல்லணும்."

அவள் சொன்னது நியாயம்தான். அந்தப் பக்கத்தில் சாவை யாரும் எழுதி அனுப்புவதில்லை. இழவு விழுந்தால் கேதம் சொல்ல ஆள் போக வேண்டும். அதுவும் அண்ணன் வீட்டுக்குத் தங்கை சொல்லாமல் இருக்க முடியாது. "கடலுக்கு அந்தாண்ட யாரு போறது?" என்றார் வீரணன்.

"ஆள் கெடைக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் அவள். பிறகு குரல் தாழ்ந்து, உள்ளே இருந்தது வெளியே வந்தது. "என் பிள்ள அவ கையிலல்ல இருக்கான். கேதம் கேட்ட கையால அவனுக்குச் சோறு போடுவாளா? நீங்க போடுவீகளா? மொதல்ல அவன் வந்து சேரட்டும்."

வீரணன் வழக்கம்போல மீதிப் பேச்சை அவளிடம் விட்டுவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அந்த மனுஷன் பேசியிருக்கலாம். தாய்க்கு உடம்பு முடியவில்லை, உடனே வா என்று ராஜாராமுக்கு எழுதிப் போட்டார்கள். சின்னச்சாமி சுகம் என்று அதில் எழுதியதா இல்லையா என்று கேட்காதீர்கள். எழுதித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு குருவம்மாளுக்கு இருந்த நரகத்தை எப்படிச் சொல்ல? உலை வைக்கும்போதெல்லாம் அந்த மரவீட்டு அடுப்படி தெரியும். பிள்ளை செத்தது தெரியாமல் மதினி இப்போது ராஜாராமுக்குச் சோறு பிசைந்துகொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை வந்தால், செத்துப்போன பிள்ளையின் பேரைச் சொல்லி அங்கே விளக்கு எரியும். ஊர்ச் சண்டைக்கெல்லாம் நியாயம் சொன்ன வாய் பூட்டிக்கொண்டது. சந்தைக்குப் போனால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு உருண்டையோடு எழுந்துவிடுவாள். எதற்காக உயிரோடு இருக்கிறோம் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது, மகன் வர வேண்டும்.

வந்தான். அடுத்த பங்குனியில், ஒரு சாயங்காலம், வண்டியிலிருந்து இறங்கினான். உயரமாக, தோள் அகன்று, கன்னம் மின்ன. குருவம்மாள் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். எலும்பே தெரியவில்லை. அப்படி வளர்த்து அனுப்பியிருந்தாள் மதினி.

"உடம்புக்கு என்னாத்தா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் வண்டியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான். "இது மாப்ளைக்கு. உள்ள சட்டை, அத்தையே தைச்சது. பிள்ள வளந்திருப்பான்னு ரெண்டு விரக்கடை கூட வெச்சுத் தைச்சாக. எங்க அவன்? தோட்டத்துக்குப் போயிருக்கானா?"

வீரணன் தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருஷம் தாம்பத்தியத்தில் அவர் பேசாத பேச்சையெல்லாம் பேசிய குருவம்மாள்தான் இதையும் பேச வேண்டியிருந்தது. ஆவணியில் என்றாள். மலைக்காய்ச்சல் என்றாள்.

ராஜாராம் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். விரலை மடக்கி எதையோ எண்ணினான்.

"ஆவணியிலயா? நான் கப்பலேறுனது தையில. அத்தை தொறமுகத்துக்கு வந்து, எம்புள்ளயப் பாத்தா இப்படிக் கட்டிக்கன்னு என்னயக் கட்டிக் காமிச்சாங்க. அவங்களுக்கு யாரு கேதம் சொன்னது?"

"இன்னும் சொல்லல."

"ஏன்?"

"காயிதத்துல சொல்ற வழக்கம் இல்லய்யா. ஆள்தான் போகணும். ஆளு…"

அவன் திட்டவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தான். மறுநாளும் சாப்பிடவில்லை. கெஞ்சினாள். அவன் காலில் விழுந்தாள், பெற்ற தாய். அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னான்.

"நீங்க சொன்னது சரிதான் ஆத்தா. காயிதத்துல சொல்ற கேதம் இல்ல இது. ஆள்தான் போகணும். அந்த வீட்டு வாசல் எனக்குத்தான் தெரியும்."

லீவு முடிந்து திரும்பியிருந்த துரை தன் ஆட்களுக்கு எழுதிக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுத்தார். ராஜாராம் பெட்டியைத் திறக்கவே இல்லை, அப்படியே திரும்பக் கொண்டுபோனான். அம்மையநாயக்கனூர்வரை வீரணன் மட்டும் போனார். குருவம்மாள் மலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். எந்த நியாயத்தைச் சொல்லித் தடுப்பாள்?

புரட்டாசி பிறந்து அவன் கடிதம் வந்தது. வாத்தியார் படித்தார். பெரிய கடிதம் இல்லை. வாசலில் நின்று கேதம் சொன்னானாம். அத்தை அப்படியே நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாளாம். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாளாம். 'பசியோட வந்திருப்ப' என்று சொல்லி உட்கார வைத்து, அழுதுகொண்டே சோறு போட்டாளாம். நான் இங்கேயே இருக்கிறேன் என்று முடித்திருந்தான்.

வாத்தியார் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். குருவம்மாள் அதை வாங்கவில்லை.

"சோறு போட்டாளாமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"கேதம் கேட்டதுக்கப்புறமா?"

"ஆமாம்மா, அப்படித்தான் எழுதியிருக்கான்."

அதற்குப் பிறகும் குருவம்மாள் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். வாத்தியாரை எங்கே பார்த்தாலும் நிறுத்தி அந்த ரெண்டு கேள்வியைத்தான் கேட்பாள். அவரும் சலிக்காமல் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்.