கப்பலுக்குள் கடைசி ஆள்

இந்த வருடம் நான் ஆடிய வீடியோ கேம்களில் பாதி குப்பை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் புகழ்கிறார்களே என்று ஒரு விவசாய விளையாட்டை வாங்கினேன். தக்காளிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மாட்டைத் தடவிக்கொடுக்க வேண்டும், ஊர்க்காரர்களுக்குப் பரிசு கொடுத்து நல்ல பெயர் வாங்க வேண்டும். புனே ஹிஞ்சேவாடியில் நாள் முழுக்க மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடுவதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தும் களை பிடுங்க என்னால் முடியாது. ஆனால் மழையில் கம்பெனி கேப் பாலத்தடியில் நகராமல் நின்ற ஒரு சாயங்காலம், வேறு வழியில்லாமல் கைபேசியில் அதைத் திறந்தேன். முன்சீட்டுக்காரர் டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்தச் சண்டையை நான்தான் போடுவேன். அன்றைக்கு முட்டைக்கோஸ் நட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அந்த ஒரு சாயங்காலத்துக்காக அந்த விளையாட்டை மன்னிக்கிறேன்.

இன்னொன்று வாள் சண்டை. அழகான உலகம், விரிந்த வானம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நான் பார்த்ததெல்லாம் முதல் அரக்கனின் முழங்கால்தான். அவனைத் தாண்டிப் போகவே இல்லை. அழித்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது விளையாட்டைப் பற்றி. அதில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. அது என் கையை விட்டுப் போகப் பார்த்தது.

மூழ்கிப்போன கப்பலுக்குள் மூன்று பேர் இறங்கி, சரக்கை மேலே படகுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. உள்ளே இருட்டு. இருட்டில் ஒன்று நீந்துகிறது. அது பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். அதனால் முதல் ஆள் வழி பார்ப்பான், நடு ஆள் சரக்கைத் தூக்குவான், கடைசி ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கடைசி ஆள் கோட்டை விட்டால் மூன்று பேரும் காலி. அந்த இடம் என்னுடையது.

மற்ற இரண்டு பேரை இணையத்தில் தமிழ் ஆட்டக்காரர்கள் கூடும் ஒரு குழுவில் பிடித்தேன். ஒருவன் மதுரையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். வழி பார்ப்பது அவன். இன்னொருவன் இங்கேயே போபோடியில் பிறந்து வளர்ந்தவன், கட்கியில் தொழிற்சாலை வேலை. சரக்குத் தூக்குவது அவன். அவன் தமிழில் பாதி இந்தி, மீதியில் பாதி மராத்தி. இரண்டு பேரும் வாயைத் திறந்தால் மூடமாட்டார்கள். நான் திறக்கவே மாட்டேன். மைக்கை எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன்.

காரணம் உண்டு. புனேவுக்கு வந்த புதிதில் ஒரு துப்பாக்கி விளையாட்டில் மைக்கைப் போட்டு, "வலது பக்கம் ஆள் இருக்கு" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பெண் குரல் என்று தெரிந்ததும் ஒருத்தன் இன்ஸ்டா ஐடி கேட்டான், ஒருத்தன் சப்பாத்தி போடப் போகச் சொன்னான், மூன்றாவது ஆள் சொன்னதை இங்கே எழுத முடியாது. நானும் கோயம்புத்தூர்க்காரி, பதிலுக்குச் சொல்லத் தெரியும். சொன்னேன். வலது பக்கம் இருந்தவன் வந்து எங்கள் எல்லோரையும் சுட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எந்த விளையாட்டிலும் நான் வாய் திறந்ததில்லை.

கப்பலுக்குள் பேசத் தேவையும் இருக்கவில்லை. என் தலைவிளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால் ஆமாம். இரண்டுமுறை என்றால் இல்லை. படபடவென்று அடித்தால் ஓடு. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, ஆடி ஆடி அமைந்தது. பேசாததால் எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்தார்கள்.

"யோவ் சாமியாரே, மைக் வாங்கக்கூட வக்கில்லையா?" என்பான் மதுரைக்காரன். "எங்க கடைக்கு வாய்யா, ஓசியில தரேன்."

"அரே, அவரு மௌன விரதம்டா," என்பான் போபோடிக்காரன். "பேசினா சக்தி கதம்."

நான் விளக்கை இரண்டுமுறை அணைப்பேன். சிரிப்பார்கள். சனிக்கிழமை காலையில் கீழ்க்கடையிலிருந்து காலைப் பலகாரமாகக் காரமான மிசல் வாங்கிவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை இதுதான். நான் தப்புச் செய்தால் என் பரம்பரையையே இழுப்பார்கள். நன்றாக ஆடினால் "சாமியார்னா சாமியார்தான்யா" என்பார்கள். வாரம் முழுக்க ஆபீஸில் இங்கிலீஷ், கேபில் இந்தி, காய்கறிக்காரரிடம் அரைகுறை மராத்தி. காது நிறையத் தமிழ் கேட்கும் ஒரே இடம் அதுதான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கே தெரியாது.

ஆவணி மழையில் ஒரு சனிக்கிழமை எல்லாம் கெட்டது. அன்றைக்குச் சரக்கு பெரியது, இரண்டு பேர் தூக்க வேண்டும். கையில் சரக்கு இருந்தால் விளக்கைத் தொட முடியாது. நானும் போபோடிக்காரனும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு போகிறோம். மதுரைக்காரன் முன்னால் இயந்திர அறைக் கதவில் கை வைக்கிறான். கதவுக்குப் பக்கத்து வட்டக் கண்ணாடியில் அது தெரிந்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. அவன் பார்க்கவில்லை. விளக்கை அடிக்க எனக்குக் கையில்லை.

மைக்கைப் போட்டுவிட்டேன்.

"டேய் லூசு, அதத் தொறக்காதடா. உள்ள நிக்குது பாரு."

கை எடுத்தான். கதவு திறக்கவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

"யாருங்க அது?" என்றான் மதுரைக்காரன்.

"சாமியாரோட வீட்டம்மா போல," என்றான் போபோடிக்காரன், மெதுவாக.

"வீட்டம்மாவும் இல்ல, வெங்காயமும் இல்ல. நாந்தான் சாமியார். நடங்க, காத்து தீருது."

நடந்தார்கள். சரக்கை ஏற்றினோம். நான் தயாராக இருந்தேன். இன்ஸ்டா ஐடி என்று ஒருத்தன் ஆரம்பித்தால் அன்றோடு அந்த விளையாட்டை அழித்துவிடுவது என்றிருந்தேன்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. அடுத்த சனிக்கிழமை மதுரைக்காரன் "வணக்கங்க்கா" என்றான். சாப்டீங்களாக்கா என்று கேட்டான். இறங்கும் நேரம் வந்ததும், "அக்கா, நீங்க படகுலயே இருந்து கயிறு மட்டும் இழுங்க. கீழ ரொம்ப மோசமா இருக்கு," என்றான்.

"ஹா அக்கா, டென்ஷன் நக்கோ," என்றான் போபோடிக்காரன். "நாங்க இருக்கோம்ல."

ஒரு வாரம்தானே என்று விட்டேன். அடுத்த வாரமும் கயிறுதான். கீழே போக அடம்பிடித்தால் என்னை நடுவில் விட்டு முன்னும் பின்னும் காவலுக்கு வந்தார்கள். நல்ல துப்பாக்கி, நல்ல விளக்கு எல்லாம் எனக்கே கொடுத்தார்கள். திட்டு நின்றுபோனது. அந்தப் பிராணி வந்தால் "வந்துட்டாய்ங்கடா" என்று கத்தி அதன் ஏழு தலைமுறையை வைகிற மதுரைக்காரன், இப்போது தொண்டையைச் செருமினான். பின்னால் பார்க்கத் தெரியாத போபோடிக்காரன் பின்னால் வந்து ஒவ்வொரு முறையும் செத்தான். செத்த பிறகு "சாரி அக்கா" என்றான். தோற்றுக்கொண்டே இருந்தோம், மரியாதையாக.

கேவலமாகப் பேசியவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும். நல்லவர்களை என்ன செய்வது? அவர்கள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு பேரும் தங்கள் வீட்டில் அக்காவுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். மைக்கைப் போடாமலே மூன்று பேரும் செத்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மதுரைக்காரன் கயிற்றைக் காட்டியதும் பொறுமை போய்விட்டது.

"இங்க பாருங்கடா. ஆபீஸ்ல நான் மேடம். வீட்டு ஓனருக்குத் தாயி, அதான் மராத்தி அக்கா. உங்களுக்கு அக்கா. எல்லா இடத்துலயும் என்னை உக்கார வெச்சு அழகு பாத்தா நான் எங்க போய் ஆடறது? பின்னாடி பாக்கறது என்னோட வேலை. உங்க ரெண்டு பேருக்கும் அது வராது."

காதில் மழைச் சத்தம் கேட்டது. யார் வீட்டு மழை என்று தெரியவில்லை.

"எனக்கு அக்கா இருக்குங்க்கா," என்றான் மதுரைக்காரன். "அது பக்கத்துல இருந்தா வாயிலேருந்து கெட்ட வார்த்தையே வராது. வேணும்னு பண்ணல. பழக்கம்."

"கெட்ட வார்த்தை வராட்டி உனக்கு வழியே தெரிய மாட்டேங்குதே. போன வாரம் பூரா சமையல் ரூமுக்கே கூட்டிட்டுப் போன."

போபோடிக்காரன் சிரித்துவிட்டான். "அது சச், உண்மைதான். எனக்கும் பின்னாடி நின்னு நின்னு கழுத்து வலிக்குது. சாமியார் அவங்க ஜாகாவுக்குப் போகட்டும்டா."

"சரி," என்றான் மதுரைக்காரன். அக்கா என்று வாய் வரை வந்ததை முழுங்கினான், எனக்குக் கேட்டது. "சாமியாரே, கீழ வாங்க."

இறங்கினோம். நான் கடைசியில். முதல் அறை, இரண்டாவது அறை, மாடிப்படி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போபோடிக்காரன் சரக்கைத் தூக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தபடி நடந்தேன். எத்தனை நாளாயிற்று இவர்கள் முதுகைப் பார்த்து என்று நினைத்துக்கொண்டு. பின்னால் திரும்பவே இல்லை. அது வந்தது. முதலில் நான், பிறகு போபோடிக்காரன், கடைசியில் படிக்கட்டில் மாட்டிக்கொண்ட மதுரைக்காரன். மூன்று பேரும் காலி. ஒரு மாதத்தில் கிடைத்த நல்ல சரக்கு கடலோடு போனது.

திரை கறுப்பானது. தப்பு முழுக்க என்னுடையது, மூன்று பேருக்கும் தெரியும். பரவால்லக்கா என்று மதுரைக்காரன் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. இனி எத்தனை முறை இறங்கினாலும் நான் விருந்தாளிதான்.

மதுரைக்காரன் மூச்சை இழுத்தான். செருமினான். இன்னொருமுறை இழுத்தான்.

"ஏன் சாமியாரே, அறிவிருக்கா? பின்னாடி பாக்குறேன்னு அந்தப் பேச்சுப் பேசிப்புட்டு, முன்னாடி என்ன ஊர்வலமா போகுது வேடிக்கை பாக்குறதுக்கு? உங்க தாத்தாவா வந்து பின்னாடி பாப்பாரு?"

"அவங்க தாத்தாவும் இப்படித்தான் செத்திருப்பாரு," என்றான் போபோடிக்காரன்.

மதுரைக்காரன் அதற்கு மேலும் திட்டினான். ஒரு மாதத்துக்குச் சேர்த்து வைத்திருந்தான் போல. எழுத முடியாத சிலதும் அதில் இருந்தன, ஆனால் அவை ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னவை இல்லை. பின்னால் திரும்பாத ஒரு முட்டாளைப் பார்த்துச் சொன்னவை. முழுதாகக் கேட்டேன்.

எனக்கு நன்றி சொல்ல வராது. அம்மாவுக்கே சொன்னதில்லை. இந்த இரண்டு பேரையும் நான் நேரில் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. போபோடி ஒன்றும் தூரமில்லை என்றாலும். அவர்கள் இதைப் படிக்கவும் மாட்டார்கள். ஒருவனுக்குப் படிக்கப் பொறுமை இல்லை, இன்னொருவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதனால் தைரியமாக எழுதுகிறேன். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இல்ல, இன்னும் இருக்கு. இறங்கிக்கிட்டே சொல்றேன்," என்றான்.